பச்சோந்திக்கு வீட்டில் கூண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நிறம் மாறும்?" இரண்டு மாதம் கழித்து அதே ஆட்கள் கேட்பது, "ஏன் பகலிலும் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறது?" இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் கூண்டில்தான் கிடைக்கும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் மூன்று இனங்களை மனதில் வைத்தே பதில்கள்: ஏமன், சவூதி அரேபியப் பகுதிகளின் ஏமன் பச்சோந்தி (வெய்ல்டு என்றும் சொல்வார்கள்), மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி, கென்யா, தான்சானியா மலைகளின் மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தி.

முதலில் கூண்டா, பச்சோந்தியா?

கூண்டு. இதில் பேரமே இல்லை. கூண்டைக் கட்டி, விளக்கு மாட்டி, செடி வைத்து, தெளிப்பானையும் ஓடவிட்டு, குறைந்தது ஒரு வாரம் காலியாகவே நடத்திப் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் எல்லா வண்டவாளமும் வெளியே வந்துவிடும். டைமர் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடும். அடித்தட்டு நிரம்பித் தரையெல்லாம் வழியும். மேல் கிளையில் வெப்பமானி 38 டிகிரி காட்டும். காலிக் கூண்டில் இதெல்லாம் சிரித்துக்கொண்டே சரிசெய்கிற சமாச்சாரம். உள்ளே ஓர் உயிர் இருந்தால் சிரிப்பு வராது.

இன்னொரு காரணமும் உண்டு. பச்சோந்தி தன் நோயை மறைக்கும். காட்டில் துவண்டு தெரிகிறது முதலில் பாம்புக்கோ பறவைக்கோ இரையாகும். அதனால் முடிந்தவரை நன்றாக இருப்பதுபோலவே உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்படி சோர்ந்துவிட்டால், கோளாறு தொடங்கி நெடுநாள் ஆகியிருக்கும். ஆகவே 'அது எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூண்டைத் திருத்திக்கொள்ளலாம்' என்ற திட்டம் எடுபடாது. வெப்பமானி, ஈரப்பதமானி, கடிகாரம் இந்த மூன்றையும் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

மரத்தில் பார்த்த பச்சோந்தியைப் பிடித்து வளர்க்கலாமா?

வேண்டாம். காட்டில் பிடிபட்டவை கூண்டுக்குப் பழகுவது அபூர்வம். வயிற்றில் ஒட்டுண்ணிகளோடு வரும், அதிர்ச்சியில் சாப்பாட்டை நிறுத்தும். சட்டமும் குறுக்கே நிற்கும். பச்சோந்தி இனங்களில் மிகப் பெரும்பாலானவை சைட்டிஸ் எனும், அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை, அதாவது நாடு விட்டு நாடு போக அனுமதிச் சீட்டு வேண்டும். உள்நாட்டுச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். வளர்ப்பிலேயே பிறந்த குட்டி, அதற்கான ஆவணம், உங்கள் நாட்டுச் சட்டத்தின் அனுமதி: மூன்றும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

வளர்ந்த ஏமன் அல்லது பேந்தர் ஆணுக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம். இதைக் குறைந்தபட்ச அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டியை இதற்குள் விட்டால் பூச்சியைத் தேடியே களைத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பாதி அளவுக் கூண்டில் சில மாதம் வளர்த்துவிட்டு மாற்றுவது வழக்கம்தான். ஆனால் செடி நெருக்கமாக இருந்து, இரையை ஒரே இடத்தில் கிண்ணத்தில் வைத்தால் பெரிய கூண்டிலும் குட்டி நன்றாகவே வளரும். இரண்டு கூண்டு வாங்குவதைவிட இது மேல் என்பது என் கட்சி.

உயரத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். தரையில் நடக்கிற பிராணிகளுக்குச் செய்த நீளமான தொட்டி இதற்கு ஆகவே ஆகாது. மேலே வெப்பம், கீழே குளிர்ச்சி, நடுவில் நிழல் என்று ஏறி இறங்கித் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் பிராணி இது. ஏறி இறங்க இடமே இல்லாவிட்டால் எங்கே போகும்?

வலைக்கூண்டா, கண்ணாடிக்கூண்டா?

இந்தச் சண்டை ஓயாது. அலுமினிய வலைக்கூண்டில் காற்று நன்றாக ஓடும், தெளித்த தண்ணீர் சீக்கிரம் காயும். ஆனால் காய்ந்த காற்றுள்ள அறையில் ஈரம் நிற்காது. கண்ணாடியில் ஈரம் நிற்கும். காற்று தேங்கினால் அதுவே வினையாகும். சூடும் ஈரமும் தேங்கிய காற்றும் ஒன்றுசேர்ந்தால் நுரையீரல் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

அறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெக்கையும் புழுக்கமுமான இடம் என்றால் நாலு பக்கமும் வலை. ஹீட்டரோ ஏசியோ காற்றை உலர்த்துகிற அறை என்றால் மூன்று பக்கம் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தகடு, மேலே முழுக்க வலை, முன்பக்கம் அடியில் காற்று நுழைய ஒரு வலைப்பட்டை. சூடான காற்று மேலே போகப் போக, அடியிலிருந்து புதுக்காற்று வரும். கையில் வலைக்கூண்டுதான் இருக்கிறது என்றால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டினாலே போதும்.

இரும்புக் கம்பிவலை வேண்டாம். துருப்பிடிக்கும், நகம் சிக்கி உடையும்.

வீட்டில் எங்கே வைப்பது?

உயரத்தில். பச்சோந்தியின் மேல் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மேலேயிருந்து எது வந்தாலும் அதற்குப் பருந்துதான். நீங்கள் ஆசையாகக் குனிந்து எட்டிப் பார்த்தாலும் சரி. கூண்டை 60, 70 செ.மீ. உயரமுள்ள உறுதியான மேசையில் ஏற்றினாலே பாதி மிரட்சி போய்விடும்.

ஆள் நடமாட்டம் மூன்று பக்கமும் இல்லாத மூலை நல்லது. ஏசிக் காற்று நேராக அடிக்கக்கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே கூடாது. சமையல் புகை, சாம்பிராணி, கொசுவர்த்தி, அறை வாசனை ஸ்பிரே எதுவும் கிட்டே வேண்டாம். பூனை இருக்கிற வீடு என்றால், பூனை உட்கார்ந்து முறைக்க முடியாத இடமாகப் பாருங்கள். முறைப்பதே போதும், பச்சோந்தி சாப்பிடாது.

கண்ணாடி விஷயம் என் சொந்த அனுபவம். முதல் கூண்டை ஓர் அலமாரிக்கு எதிரே வைத்திருந்தேன், அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் பேந்தர் ஆண் கறுத்து, தட்டையாகி, வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வெப்பமா, உணவா, நோயா என்று பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்குத்தான் ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து, கண்ணாடியில் அதன் உருவம் அதற்கே தெரியத் தொடங்கியிருக்கிறது. எதிரி ஒருவன் தினமும் அதே நேரத்துக்கு வந்து நிற்பதாக நினைத்திருக்கிறது, பாவம். ஒரு துணியைத் தொங்கவிட்டேன், அன்றோடு தீர்ந்தது.

கிளைகளை எப்படி அமைப்பது?

பச்சோந்தியின் பாதம் இடுக்கி மாதிரி. ஐந்து விரலும் இரண்டு கட்டாகச் சேர்ந்திருக்கும். பிடிக்க ஏதாவது இருந்தால்தான் அதற்கு நடை. அதனால் சுண்டுவிரல் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை கலந்த குச்சிகளைக் கிடையாகவும் சாய்வாகவும் கட்டுங்கள். எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாகும்.

மென்மையான வலைச்சுவரில் நேரடியாகப் பாரம் கட்டினால் வலை கிழியும். சட்டத்தின் உலோகத் தூண்களில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். கேபிள் டையின் மிஞ்சிய வாலை வெட்டிவிட்டு, வெட்டிய முனையைக் கூண்டுக்கு வெளிப்பக்கம் திருப்புங்கள், அந்த முனை பிளேடு மாதிரி இருக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்த குச்சியைத் தேய்த்துக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்தபின் பயன்படுத்தலாம். பிசின் வடியும் மரம் வேண்டாம்.

மேல் கிளைக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை விளக்குதான் முடிவு செய்யும். அதற்கு வருகிறேன்.

எந்தச் செடி வைக்கலாம்?

மணி பிளான்ட், செம்பருத்தி, குடைச்செடி எனப்படும் ஷெஃப்லெரா, ஃபைகஸ் பெஞ்சமினா ஆகியவை வழக்கமானவை. ஏமன் பச்சோந்தி இலையைக் கடித்துத் தின்னும். எனவே அதன் கூண்டில் செம்பருத்தி ரொம்பப் பொருத்தம், இலையும் பூவும் இரண்டுமே அதற்குத் தீனி. அரளி, டிஃபன்பேக்கியா போன்ற நச்சுச்செடிகள் கிட்டவே வரக்கூடாது.

நர்சரியிலிருந்து வந்த செடியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இலையின் இரு பக்கமும் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் தனியே வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். தொட்டி மண்ணில் கலந்திருக்கும் வெள்ளை உருண்டைகளை (பெர்லைட்) பச்சோந்தி பூச்சி என்று நினைத்து விழுங்கப் பார்க்கும். மண்ணின் மேல், வாயில் நுழையாத அளவுக் கூழாங்கற்களைப் பரப்பிவிடுங்கள்.

பிளாஸ்டிக் செடி? அவசரத்துக்குச் சரி. ஏமன் பச்சோந்திக்கு மட்டும் கூடவே கூடாது, கடித்து விழுங்கிவிடும்.

எவ்வளவு செடி என்பதற்கு என் அளவுகோல் எளிது: அறைக்குள் நுழைந்ததும் பச்சோந்தி எங்கே என்று நீங்கள் தேட வேண்டும். நுழைந்தவுடனே தெரிந்தால் இலை போதவில்லை.

வெப்பவிளக்கு எத்தனை வாட்?

வாட் கணக்கை யாராலும் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. உங்கள் அறை எவ்வளவு சூடு, விளக்கு எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. டிகிரியைச் சொல்கிறேன். வெயில் காயும் கிளையில், பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில், ஏமன், பேந்தர் ஆண்களுக்கு 29 முதல் 31 டிகிரி செல்சியஸ். ஏமன் பெண்ணுக்கு 27 போதும். ஜாக்சனுக்கும் 27க்கு மேல் தேவையில்லை. கூண்டின் கீழ்ப்பாதி 22 முதல் 25க்குள். அறையே 30 டிகிரி இருக்கிறது என்றால் வெப்பவிளக்கு எதற்கு? அணைத்துவிடுங்கள், அறையை எப்படிக் குளிரவைப்பது என்று யோசியுங்கள்.

சாதாரணக் குண்டுபல்பே போதும். பல்பு கூண்டுக்கு வெளியே, வலைக்குச் சற்று மேலே தொங்கவேண்டும்; பல்புக்கும் பச்சோந்தியின் தலைக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கட்டும். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்கிறது, மன்னிக்கவும். விளக்கை வலைமேல் படுக்கவைத்த ஒரு கூண்டில், தலைக்கொண்டை நுனி வெந்து, காபித்தூள் நிறத்தில் பக்குக் கட்டிய ஏமன் ஆணைப் பார்த்திருக்கிறேன். அது வலையில் தலைகீழாகத் தொங்கியபடி, விளக்குக்கு நேர் கீழே, அசையாமல் இருந்தது. முதுகுத்தோல் வெந்துகொண்டிருக்கும்போதே உடம்பின் உள்ளே இன்னும் சூடு ஏறவில்லை என்று நினைத்து அங்கேயே நிற்கும் பிராணி அது.

சூடுபண்ணும் கல் வைக்காதீர்கள். பச்சோந்திக்கு வெப்பம் மேலேயிருந்து வர வேண்டும்.

யுவிபி விளக்கு அவசியமா? ஜன்னல் வெயில் போதாதா?

அவசியம். ஜன்னல் கண்ணாடி வெயிலில் உள்ள யுவிபி எனும் புறஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிடும். வெளிச்சம் வரும், வேலை நடக்காது. இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். அது இருந்தால்தான் உண்ட கால்சியம் எலும்பில் சேரும். இல்லையென்றால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். கால் வில்லாக வளையும், தாடை ரப்பராகும், நாக்கை வீசினால் இரைவரை போகாது.

டி5 எனப்படும் மெல்லிய நீள டியூப் விளக்கில், பெட்டியில் யுவிபி 5 அல்லது 6 சதவீதம் என்று போட்ட வகையை வாங்குங்கள். திருகுவகைச் சிறு பல்புகள் ஒரே இடத்தில் மட்டும் கதிரைக் கொட்டும். டியூபை வலைமேல் வைத்து, மேல் கிளையில் உட்காரும் பச்சோந்தியின் முதுகு 20 முதல் 25 செ.மீ. கீழே இருக்கும்படி கிளையைக் கட்டுங்கள். வலையும் கொஞ்சம் கதிரைப் பிடித்துக்கொள்ளும், அதையும் சேர்த்த கணக்கு இது. யுவி குறியீடு அளக்கும் மீட்டர் கையில் கிடைத்தால் ஏமன், பேந்தர் முதுகில் 3 அளவு வந்தால் நிறைவு. ஜாக்சனுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக.

டியூப் எரிந்துகொண்டிருப்பதால் யுவிபி வருகிறது என்று பொருளல்ல. வெளிச்சம் அப்படியே இருக்க, கதிர் மட்டும் குறைந்துகொண்டே வரும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாட்டிய தேதியை டியூபின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டால் ஞாபகசக்தியை நம்ப வேண்டாம்.

இரண்டு விளக்கும் 12 மணிநேரம் எரிந்து 12 மணிநேரம் அணையட்டும். டைமரில் போடுங்கள்.

ராத்திரிக்குச் சிவப்பு விளக்கு?

வேண்டாம். அதற்கு அந்த வெளிச்சம் தெரியும், தூக்கம் கெடும். ராத்திரி இருட்டாகவும் குளிர்ந்தும் இருக்க வேண்டும்: ஏமனுக்கும் பேந்தருக்கும் 18 முதல் 20 டிகிரி வரை இறங்கினால் நல்லது, மலைவாசியான ஜாக்சன் 12, 13 டிகிரியையும் விரும்பும்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்குமா?

பெரும்பாலும் குடிக்காது. தேங்கிய தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது. இலையில் உருளும் துளிதான் அதற்குத் தண்ணீர். முதல்முறை குடிப்பதைப் பார்ப்பது ஒரு சுகம். ஒரு கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றொரு கண் மட்டும் மெதுவாகத் திரும்பி, மணி பிளான்ட் இலைநுனியில் திரண்டு தொங்கும் துளியில் நிற்கும். அப்புறம் உடம்பு முன்னே சாயும். வாய் திறந்து, துளியை இலையோடு சேர்த்துக் கவ்வி, தாடை அசைபோடுவதுபோல நகரும். தொண்டை ஒவ்வொரு மிடறுக்கும் ஏறி இறங்கும். நீங்கள் மூச்சுவிட்டால்கூட நிறுத்திவிடும்.

விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்பு இரண்டு மூன்று நிமிடம், விளக்கு அணைந்தபின் இரண்டு மூன்று நிமிடம் நுண்துளியாகத் தெளிக்க வேண்டும். கைப்பம்பு ஸ்பிரேயரும் போதும், ஆனால் தினமும் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். தானியங்கித் தெளிப்பான் வாங்குகிறவர்கள் சோம்பேறிகள் அல்ல. பகலில், கூரைமேல் ஒரு டப்பா வைத்து, அடியில் ஊசித்துளை போட்டு, நொடிக்கு ஒரு சொட்டு வீதம் இலையில் விழவிட்டால் தாகமெடுக்கும்போது வந்து குடித்துக்கொள்ளும்.

போதுமான தண்ணீர் குடிக்கிறதா என்பதை எச்சத்தில் பார்க்கலாம். எச்சத்தோடு வரும் யூரேட் கட்டி (அதன் சிறுநீர்க் கழிவு) வெள்ளையாக இருந்தால் சரி. நுனியில் மட்டும் மஞ்சள் என்றாலும் பரவாயில்லை. முழுக்க ஆரஞ்சு நிறம், மணல்போல உதிர்கிறது என்றால் தண்ணீர் போதவில்லை.

ஈரப்பதம் எத்தனை சதவீதம்?

நாள் முழுதும் ஒரே எண்ணைப் பிடித்துவைக்கப் பார்ப்பதுதான் தவறே. இந்தப் பிராணிகளின் சொந்த இடங்களில் ராத்திரி பனியும் மூடுபனியும் இறங்கும், பகலில் காயும். அதே ஏற்ற இறக்கம் கூண்டிலும் வேண்டும். ஏமனுக்குப் பகலில் 30 முதல் 50 சதவீதம், பேந்தருக்கு 50 முதல் 70. ராத்திரி இரண்டுக்கும் 80க்கு மேல் போகலாம். தூங்கும்போது ஈரக்காற்றை மூச்சில் இழுப்பதும் உடம்பில் தண்ணீர் குறையாமல் காக்கும்.

ஃபாகர் எனப்படும் பனிப்புகைக் கருவி இருந்தால் நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை, விட்டுவிட்டு ஓடட்டும். அறை 22 டிகிரிக்கு மேல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். சூட்டில் புகைமூட்டம் கிருமிக்குக் கொண்டாட்டம்.

பகலில் இலை காயாமலே இருக்கிறது என்றால் தெளிக்கும் நேரத்தைக் குறையுங்கள். இலை காய வேண்டும்.

இவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்?

இதைக் கேட்காமல் கூண்டு கட்டியவர்கள்தான் மரத்தரையைப் புதுப்பிக்கிறார்கள். அடித்தட்டில் நாலைந்து துளை போட்டு, கூண்டைச் சற்றுச் சாய்வாக, கொஞ்சம் பெரிய தட்டின் மேல் நிறுத்துங்கள். தட்டிலிருந்து ஒரு குழாய் வாளிக்கு. வாளியை தினமும் காலி செய்யுங்கள்.

தரையில் மண் போடலாமா, வெறுமனே விடலாமா?

முதல் ஆறு மாதம் வெறுந்தரை. எச்சம் கண்ணுக்குத் தெரியும், துடைப்பது சுலபம், தவறிப்போன பூச்சி ஒளியாது. செய்தித்தாள் விரித்தாலும் ஈரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும், எனவே அதுவும் வேண்டாம்.

பழகியபின் உயிருள்ள தரை அமைக்கலாம். அடியில் சுட்ட களிமண் உருண்டைகள் நாலைந்து செ.மீ., மேலே ஒரு வலைத்துணி, அதன்மேல் பத்து செ.மீ. மண், மேலே சருகு. ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் எனும் சிறு உயிர்களை விட்டால் எச்சத்தையும் பூஞ்சையையும் அவையே தின்று தீர்க்கும். அழகாகவும் இருக்கும், நாற்றமும் இராது. மரத்தூள், மரச்சீவல், பொடி ஜல்லி மூன்றும் எந்தக் காலத்திலும் வேண்டாம். நாக்கில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போய் அடைக்கும்.

ஜோடியாக வளர்க்கலாமா?

ஒரு கூண்டுக்கு ஒன்று. தனிமை அதற்குத் துயரம் அல்ல. இரண்டு கூண்டு அருகருகே இருந்தால் நடுவில் ஒன்றையொன்று பார்க்காதபடி ஓர் அட்டை.

என் பெண் பச்சோந்திக்கு ஆணே கிடையாது. முட்டைத்தொட்டி எதற்கு?

ஆண் இல்லாமலே ஏமன் பெண் முட்டையிடும், கோழி மாதிரி. ஆறு மாத வயதிலேயே தொடங்கிவிடலாம். இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொண்டால் உயிர் போகும், இதில் மிகை ஒன்றும் இல்லை. பேந்தர் பெண்ணுக்கும் இதே. ஜாக்சன் மட்டும் குட்டிபோடும் இனம், அதற்குத் தொட்டி வேண்டாம்.

30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில், கழுவிய மணலும் மண்ணும் பாதிப் பாதி கலந்து நிரப்புங்கள். ஈரப் பக்குவத்துக்கு ஒரு சோதனை: விரலால் சுரங்கம் தோண்டிப் பாருங்கள், இடிந்து விழாமல் நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. இந்தத் தொட்டி வளர்ந்த பெண்ணின் கூண்டில் எப்போதுமே இருக்கட்டும்.

சாப்பாட்டில் மனம் இல்லாமல், வழக்கமில்லாமல் தரைக்கு இறங்கி, அங்குமிங்கும் கீறினால் நேரம் வந்துவிட்டது. கூண்டை ஒரு துணியால் மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல்முறை எனக்குப் பொறுக்கவில்லை; துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். சுரங்கத்திலிருந்து மண் அப்பிய முகம் மட்டும் வெளியே, ஒரு கண் நேராக என்மேல். அத்தோடு தோண்டுவதை விட்டுவிட்டது. மறுநாள் வேறு மூலையில் முதலிலிருந்து ஆரம்பித்தது, நான் அன்று முழுக்க அந்த அறைப்பக்கமே போகவில்லை. முட்டையிட்டு, குழியை மூடி, மண்ணை மிதித்துச் சமமாக்கிவிட்டு ஏறிப்போகும். அதன்பின் தண்ணீரும் கால்சியமும் தாராளமாக.

ஏமன் பெண்ணுக்கு ஒரே தடவையில் 20 முதல் 80 முட்டைகூட வரும். எண்ணிக்கை கூடக் கூடத் தாயின் ஆயுள் குறையும். அதிக சூடும் அதிகத் தீனியும் எண்ணிக்கையைக் கூட்டும். பெண்ணுக்கு 27 டிகிரி போதும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

பூச்சிகளைக் கூண்டுக்குள் அப்படியே விடலாமா?

கொஞ்சமாக விடலாம், எண்ணி விடுங்கள். தின்னாமல் மிஞ்சும் சில்வண்டுகள் ராத்திரி தூங்குகிற பச்சோந்தியையே கடிக்கும். கிளையில் ஒரு வழவழப்பான கிண்ணம் கட்டி அதில் போடுவது உத்தமம். நாக்கை வீசிப் பிடிக்க ஓர் அடி தூரம் இருக்கட்டும், அந்த வீச்சுதான் அதற்கு உடற்பயிற்சி.

பூச்சியின் நீளம் பச்சோந்தியின் தலை அகலத்தைத் தாண்டக்கூடாது. வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து போதும்; குட்டிக்குத் தினமும், அது தின்னுமளவு. சில்வண்டு, டூபியா கரப்பான், பட்டுப்புழு, கருஞ்சிப்பாய் ஈயின் புழு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வீட்டில் திரியும் கரப்பானும், மின்மினியும் வேண்டாம். முதலதில் மருந்து இருக்கலாம், இரண்டாவது நஞ்சு. பூச்சிக்கு நாம் போடும் கீரையும் கேரட்டும்தான் பச்சோந்திக்குப் போய்ச்சேரும், அதனால் பட்டினிப் பூச்சியைக் கொடுக்காதீர்கள்.

கால்சியம் பவுடர் (டி3 கலக்காதது) ஒவ்வொரு வேளையும் மெல்லியதாகத் தூவுங்கள். டி3 கலந்ததும் மல்டிவைட்டமினும் மாதத்துக்கு இரண்டுமுறை. நல்லதுதானே என்று அள்ளிப்போட்டால் கழுத்தடியில் நீர் கோத்து வீங்கும்.

சுத்தம் செய்வது எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

எச்சம், செத்த பூச்சி தினமும். வாரம் ஒருமுறை கிளைகளையும் இலைகளையும் வெந்நீர்த் துணியால் துடைத்து, தெளிப்பானின் தண்ணீர் டப்பாவையும் ஃபாகரையும் கழுவிக் காயவையுங்கள். கூண்டில் அழுக்கு கண்ணுக்குத் தெரியும், டப்பாவில் தெரியாது. உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கினால் அது கிருமிப்படலம். அதைத்தான் பனிப்புகையாக்கிப் பச்சோந்தியின் மூக்கில் ஊதிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பச்சோந்தியை வேறிடத்தில் வைத்துவிட்டு, பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வாசனை அறவே போகும்வரை அலசி, முழுக்கக் காயவைக்க வேண்டும். உயிருள்ள தரை போட்டவர்கள் இதைச் செய்யக்கூடாது.

தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொண்டால் உப்புத்தண்ணீர்தான் காரணம். வினிகரில் ஊறவைத்தால் திறக்கும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் அடைப்பே வராது, இலையிலும் வெள்ளைத்திட்டு படியாது.

நிறம் கறுத்துவிட்டது. நோயா?

நேரத்தைப் பாருங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் கறுத்துப் பக்கவாட்டைக் காட்டினால் சூடு பிடிக்கிறது, அவ்வளவுதான். அரைமணியில் வெளுக்கும். நாள்முழுதும் கறுத்தே இருந்தால் குளிர், பயம், வலி மூன்றில் ஒன்று. ராத்திரி டார்ச் அடித்தால் வெளிறித் தெரியும், அது தூக்கத்தின் நிறம்.

சுற்றுப்புறத்துக்கு ஏற்றபடி நிறம் மாற்றும் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. சமயத்துக்கு ஏற்றபடி பேச்சை மாற்றுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுகிறோம். இந்தப் பிராணியோ, நோயை மறைத்தாலும், மனதில் உள்ளதை அப்படியே தோலில் காட்டுகிறது, அவர்களைப்போல் ஒளிக்கத் தெரியாது. பேந்தர் பச்சோந்தியின் தோல் செல்களில் குவானைன் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதையும், அவற்றின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுவதையும் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள்.

உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியவை: பகலில் கண் மூடுவது, தலையை மேலே தூக்கி வாய் பிளந்து மூச்சு வாங்குவது, கிளையில் பிடி தளர்ந்து விழுவது, வளைந்த கால். ஆனால் வெயில் காயும் கிளையில் மட்டும் வாயைத் திறந்தால் சூடு அதிகம், விளக்கை உயர்த்துங்கள்.

எத்தனை வருடம் இருக்கும்?

நல்ல கூண்டில் ஏமன் ஆண் ஆறு முதல் எட்டு வருடம், பெண் அதற்குக் குறைவு. பேந்தர் ஐந்து முதல் ஏழு. மடகாஸ்கரில் லபோர்டு பச்சோந்தி என்று ஒன்று உண்டு, முட்டைக்குள் எட்டு ஒன்பது மாதம், வெளியே வந்தபின் நாலைந்து மாதமே வாழ்வு.

நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

வளர்ந்த பச்சோந்தி சாப்பாடு இல்லாமல் மூன்று நான்கு நாள் தாங்கும். தண்ணீரும் விளக்கும்தான் நிற்கக்கூடாது. பெரிய டப்பாவை நிரப்பி, வடிகால் வாளியையும் அதைவிடப் பெரிதாக வைத்து, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் டைமரில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியும் தினமும் ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும். அவருக்கு ஒரு தாளில் மூன்றே வரி எழுதிக் கூண்டில் ஒட்டுங்கள்: மேல் கிளை எத்தனை டிகிரி இருக்க வேண்டும், தண்ணீர் டப்பாவில் எந்தக் கோடு வரை, மருத்துவரின் எண். நாலாவதாக, கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள். கட்டாயம் யாராவது எடுப்பார்கள்.